வேலிக்குள் ஓர் அயல்நாடு



ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் போனவர்கள் ஜூஜூவாடி என்ற ஊரை அறிந்திருப்பார்கள். தமிழ்நாடு அங்கே முடிகிறது. சாலையில் சற்றுத் தூரம் போனால் அத்திப்பள்ளி; அது கர்நாடகம். இரண்டுக்கும் நடுவே ஆறு கிடையாது, மலை கிடையாது. இந்தப் பக்கத்து மண்ணும் அந்தப் பக்கத்து மண்ணும் ஒரே செம்மண். இந்தப் பக்கத்துக் கடைக்காரரும் அந்தப் பக்கத்துக் கடைக்காரரும் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுகிறவர்கள். ஆயினும் அங்கே ஓர் எல்லை உண்டு என்பதை எவரும் மறக்க முடிந்ததில்லை. 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வரும் வரையில், வணிகவரிச் சோதனைச் சாவடியின் முன்னால் லாரிகள் நீண்ட வரிசை பிடித்து நிற்கும். ஓட்டுநர்கள் வண்டி நிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை நான் பல நாள் கண்டிருக்கிறேன்.

அந்த எல்லையைப் பற்றிப் பேச நான் இன்று வரவில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இன்னொரு வகையான எல்லையும் இருக்கிறது. அது வரைபடத்தில் தெரியாது. சில தொழில் வளாகங்களின் மதிற்சுவரோடு அது ஓடுகிறது. பர்கூரில் காலணித் தொழிலுக்கென்று அமைந்த சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் வாயிலில் காலை வேளையில் நின்று பார்த்தீர்களானால், சுற்று வட்டாரத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பேருந்திலிருந்து இறங்கி உள்ளே போவதைக் காணலாம். அவர்கள் வேலைக்குப் போகிறார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். சுங்கச் சட்டத்தின் கண்ணுக்கோ, அவர்கள் தினந்தோறும் காலையில் இந்தியச் சுங்க எல்லையைக் கடந்து, மாலையில் திரும்பி வருகிறார்கள். சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் சட்டத்தின் 53-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட தொழில்களைப் பொறுத்தமட்டில், மண்டலம் என்பது இந்தியாவின் சுங்கப் பரப்புக்கு வெளியே உள்ள இடமாகக் கருதப்படும். அங்கே செய்த பொருளை உள்நாட்டில் விற்பதென்றால், கப்பலில் வந்த சரக்குக்குப் போலச் சுங்கத் தீர்வை கட்டியே வெளியே கொண்டுவர வேண்டும்.

இப்படி நாட்டுக்குள்ளேயே அயல்நாட்டை உண்டாக்கவும், உண்டாக்கியதை அழிக்கவும் வழிவிடுகிற சபை தில்லியில் ஒன்று இருக்கிறது. ஒப்புதல் வாரியம் என்று அதற்குப் பெயர். அதன் அதிகாரங்கள் எவை, அது யாரைக் கேட்டு முடிவு செய்கிறது, யாரைக் கேட்பதில்லை என்பவற்றைச் சொல்வதே என் நோக்கம். நான் வழக்கறிஞன் அல்லன். பொருளாதாரப் பேராசிரியனும் அல்லன். ஓசூரில் ஏற்றுமதித் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஆகவே பெரிய தத்துவங்களை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

சுங்கம் நமக்குப் புதிய சங்கதியன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்க அதிகாரிகள் சரக்கு மூட்டைகளின்மேல் புலி முத்திரை பொறித்ததைப் பட்டினப்பாலை பாடிய புலவர் கண்டிருக்கிறார். பிற்காலச் சோழருள் முதற் குலோத்துங்கனுக்கோ சுங்கம் தவிர்த்த சோழன் என்றே பெயர் வழங்கியது. மூட்டைக்கு முத்திரை இட்டவனும் அரசன். முத்திரையை விலக்கியவனும் அரசன். விலக்கியவனையே மக்கள் பெயரிட்டு நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் காலத்தில் அரசாங்கங்கள் கண்ட வழி வேறு. நாடு முழுவதற்கும் சுங்கத்தைத் தவிர்க்காமல், குறித்த இடத்துக்கு மட்டும் தவிர்ப்பது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1934-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சட்டம் செய்தார்கள். அயல்நாட்டு வாணிப மண்டலங்கள் என்று பெயரிட்டு, அவற்றுக்கு அனுமதி வழங்க ஒரு வாரியத்தையும் ஏற்படுத்தினார்கள். வணிகத் துறை அமைச்சரும் நிதித் துறை அமைச்சரும் இன்று அதன் உறுப்பினர்கள். முதல் மண்டலம் 1937-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் திறக்கப்பட்டது. நம் நாட்டில் 1965-ஆம் ஆண்டு குஜராத்தின் காண்ட்லாவில் முதல் தடையற்ற வாணிப மண்டலம் தோன்றியது. ஆசியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது என்று சொல்வார்கள். 1984-இல் சென்னைக்குத் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது.

ஓசூர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? 1971-இல் அமைக்கப்பட்ட சிப்காட் நிறுவனம், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே ஓசூரில் தொழில் வளாகம் கண்டது. கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலத்தில் 1980 வாக்கில் அசோக் லேலண்டின் லாரிகளும் டி.வி.எஸ்ஸின் மொபெட்டுகளும் உருளத் தொடங்கின. பின்னர் டைட்டன் கடிகாரம் வந்தது. எங்கள் ஊருக்கென்று தனி ஏற்றுமதி மண்டலம் அன்று கிடைக்கவில்லை. ஆனால் 1981-இல் வந்த நூறு சதவீத ஏற்றுமதித் தொழிலகத் திட்டம் ஒரு விநோதத்தைச் செய்தது. மண்டலம் வேண்டாம், ஒவ்வொரு தொழிற்சாலையும் தன்னந்தனியே ஒரு சுங்கத் தீவாக இருக்கலாம் என்றது அத்திட்டம். நான் வேலை பார்த்த தொழிற்சாலை அப்படிப்பட்ட ஒரு தீவு.

அங்கே நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. குழந்தைகளுக்கான சட்டைகள் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். துணி தீர்வையில்லாமல் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒரு முறை, சாயத்தில் சற்று நிற வேறுபாடு இருக்கிறதென்று நானூற்றுச் சொச்சம் சட்டைகளை வாங்குவோர் ஏற்க மறுத்துவிட்டார்கள். நமக்கு அந்த வேறுபாடு வெயிலில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. அவற்றை உள்நாட்டில் விற்கலாம். ஆனால் தீர்வை கட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் விற்பது நஷ்டம். இன்னொரு வழி, சுங்க அதிகாரியின் முன்னிலையில் அழித்துவிடுவது. அழித்தால் தீர்வை கிடையாது. நிர்வாகம் இரண்டாவது வழியைத் தேர்ந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல், தைத்த பெண்களையே கத்தரிக்கோலுடன் வரிசையாக உட்கார வைத்து, தைத்த சட்டைகளை வெட்டச் சொன்னோம். ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவேட்டில் எழுதியவன் நான்.

சூளகிரிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் என்னிடம் வந்து, "சார், ஒன்றே ஒன்று கொடுத்தால் என் பிள்ளை போட்டுக்கொள்வாள்" என்றாள். கூடாது என்றேன். "ஏன் சார்?" என்றாள். இது தீர்வை கட்டாத துணி, இதை வெளியே எடுத்துப் போனால் கடத்தலாகும் என்று விளக்கினேன். அவள் சிறிது நேரம் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வேலிக்கு வெளியேதானே சார் எங்கள் ஊர்?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் உட்கார்ந்து வெட்டினாள். எண்ணிக்கை சரியாக இருந்தது, அதிகாரி கையெழுத்திட்டார். விதிப்படி நாங்கள் ஒருவரும் தவறு செய்யவில்லை என்பதை இன்றும் சொல்வேன். ஆனால் அன்று முதல் அந்த வேலியை யார் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் என்னைப் பிடித்துக்கொண்டது.

இனி வாரியத்துக்கு வருவோம். 2005-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டம், 2006 பிப்ரவரி 10 முதல் விதிகளுடன் நடைமுறைக்கு வந்தது. அதன் 8-ஆவது பிரிவு ஒப்புதல் வாரியத்தை அமைக்கிறது. 9-ஆவது பிரிவு அதன் அதிகாரங்களைச் சொல்கிறது. உறுப்பினர் ஏறக்குறைய பத்தொன்பது பேர். வணிகத் துறைச் செயலர் தலைமை வகிப்பது வழக்கம். வருவாய்த் துறை, பொருளாதார விவகாரத் துறை, உள்துறை, பாதுகாப்பு, சுற்றுச்சூழல், சட்டம், நகர்ப்புற வளர்ச்சி முதலிய துறைகளின் இணைச் செயலர்கள் அமர்வார்கள். எந்த மாநிலத்தின் மண்டலம் பரிசீலனைக்கு வருகிறதோ அந்த மாநில அரசாங்கத்தின் பிரதிநிதி ஒருவர் உண்டு. மேலாண்மைக் கல்வி நிலையத்துப் பேராசிரியர் ஒருவரும் உண்டு. சட்டம் பெயர் சொல்லிக் குறித்த துறைகளின் பட்டியலில் வேளாண்மையைத் தேடினேன், காணவில்லை. தொழிலாளர் துறையைத் தேடினேன், அதையும் காணவில்லை.

வாரியத்தின் முதல் அதிகாரம், மண்டலம் அமைக்கும் யோசனையை ஏற்பது, மறுப்பது அல்லது திருத்தி ஏற்பது. ஒருவர் நிலத்தை அடையாளம் கண்டபின் மாநில அரசாங்கத்தின் வழியாக வரலாம். விரும்பினால் நேரே வாரியத்திடமே போகலாம், மாநிலத்தின் இசைவைப் பின்னர்ப் பெற்றுக்கொள்ளலாம். வாரியம் ஒப்பினால் மத்திய அரசாங்கம் ஒப்புதல் கடிதம் கொடுக்கும். அதன்பின் நிலத்தின் சர்வே எண்களைக் குறித்து அரசிதழில் அறிவிக்கை வெளியாகும். அறிவிக்கை வெளியானதும் அந்தச் சர்வே எண்கள் சுங்கத்துக்கு அயல்நாடாகிவிடும். முந்தைய நாள் வரையில் அங்கே அவரையும் துவரையும் விளைந்திருந்தாலும் சரியே.

மண்டலத்துக்குள் அமைப்பாளர் என்னென்ன வேலை செய்யலாம் என்று அனுமதிப்பதும் வாரியமே. சாலை போடலாமா, மின்நிலையம் கட்டலாமா, குடியிருப்பும் மருத்துவமனையும் எத்தனை என்றெல்லாம் அதனிடம் விண்ணப்பிக்க வேண்டும். அயல்நாட்டு முதலீட்டுக்கும் கூட்டுறவுக்கும் ஒப்புதல் தரும் அதிகாரமும், தொழில் உரிமம் வேண்டிய தொழில்களுக்கு உரிமம் தரும் அதிகாரமும் அதற்கு உண்டு. தனித்தனித் தொழிலகங்களின் விண்ணப்பங்களைக் கீழே உள்ள ஒப்புதல் குழு பார்க்கிறது. வளர்ச்சி ஆணையர் அதன் தலைவர். குழு மறுத்தாலோ, கொடுத்த ஒப்புதலை ரத்துச் செய்தாலோ மேல்முறையீடு இதே வாரியத்துக்குத்தான் வரும்.

எல்லாவற்றிலும் கடுமையான அதிகாரம் 10-ஆவது பிரிவில் இருக்கிறது. மண்டலம் அமைத்தவர் கடமையை நிறைவேற்ற இயலாதவராக இருந்தால், வாரியத்தின் கட்டளைகளைத் தொடர்ந்து மீறினால், நிதிநிலை சீர்குலைந்தால், அவருடைய ஒப்புதல் கடிதத்தை ஓராண்டுக்கு மேற்படாமல் நிறுத்தி வைத்து, நிர்வாகி ஒருவரை நியமித்து, மண்டலத்தை நடத்தச் செய்யலாம். பின்னர் வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் வழியுண்டு. அதற்குமுன் மூன்று மாதத்துக்குக் குறையாத எழுத்து அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒருவர் கட்டிய நகரத்தை இன்னொருவர் கையில் கொடுக்கும் அதிகாரம் இது. பழைய காலத்தில் பாளையத்தைப் பறித்து வேறு பாளையக்காரரிடம் ஒப்படைத்தது நினைவுக்கு வருகிறது.

முடிவு செய்யும் முறையும் கவனிக்கத்தக்கது. வாக்கெடுப்பு இல்லை. வந்திருக்கும் உறுப்பினர் அனைவரின் பொதுவான இசைவால் தீர்மானம் ஆக வேண்டும்.  வருவாய்த் துறையினர் ஆட்சேபித்தால் விஷயம் நின்றுவிடும் என்பது இதன் பொருள். வரியை இழக்கிறவருக்குத் தடுத்து நிறுத்த ஒரு கை இருக்கிறது. அது நியாயந்தான். நிலத்தை இழக்கிறவருக்கு அந்த மேசையில் கையே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இடையில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். உரிமம், அனுமதி, பங்கீடு என்று அரசாங்கம் தொழிலைக் கட்டிப்போடுவதை எதிர்த்துக் கடைசிக் காலம் வரையில் பேசியவர் ராஜாஜி. அவர் பிறந்த தொரப்பள்ளி, ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அனுமதிகளின் தொல்லையிலிருந்து தொழிலை விடுவிக்கவே இந்த மண்டலங்கள் தோன்றின என்கிறார்கள். அனுமதி வேண்டாத இடத்தைப் பெறுவதற்குப் பத்தொன்பது அதிகாரிகளின் அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தால் அந்தப் பெரியவர் என்ன எழுதியிருப்பாரோ!

இன்னொரு விசித்திரமும் எங்கள் எல்லைக்கே உரியது. தமிழ்நாட்டு மண்டலங்களுக்கெல்லாம் தாம்பரத்து வளர்ச்சி ஆணையர் அதிகாரி. கர்நாடக மண்டலங்கள் கொச்சி ஆணையரின் பார்வையில் அடங்கும். ஆகவே ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கத்துத் தொழிலகம் தன் குறையைச் சொல்ல ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் கிழக்கே கடற்கரைப் பக்கம் பார்க்கிறது. அந்தப் பக்கத்து எலக்ட்ரானிக் சிட்டித் தொழிலகம் மேலைக் கடற்கரையைப் பார்க்கிறது. இரண்டு தொழிலகத்தாரும் மாலையில் தேநீர் குடிப்பது ஒரே சாலையில்.

இப்போது நிலத்துக்கு வருவோம். வாரியம் நிலத்தை எடுப்பதில்லை. நிலம் மாநிலத்தின் காரியம். தமிழ்நாட்டில் தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம் என்று 1997-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தனியே உண்டு. நிலத்துக்காரர் ஆட்சேபம் தெரிவிப்பதெல்லாம் மாவட்ட அலுவலகத்தில். வாரியமோ தில்லியில், நிலம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதா என்ற ஆவணத்தைத்தான் பார்க்கிறது. மண்டலத்தை அறிவிக்கும்போது கருத வேண்டிய நோக்கங்கள் சட்டத்தின் 5-ஆவது பிரிவில் உள்ளன. பொருளாதார நடவடிக்கை பெருகுதல், ஏற்றுமதி வளர்தல், முதலீடு, வேலைவாய்ப்பு, கட்டுமான வசதி, நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும். ஆறும் நல்ல நோக்கங்களே. ஆனால் அந்த நிலம் அதுவரையில் என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வி அவற்றில் இல்லை.

அந்தக் கேள்வியை ஒரு நாள் மக்களே கேட்டுவிட்டார்கள். 2007 மார்ச் 14 அன்று மேற்கு வங்காளத்து நந்திகிராமத்தில், மண்டலத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த கிராமத்தார் மீது போலீசார் சுட்டதில் பதினான்கு பேர் மாண்டார்கள். அடுத்த மாதமே அமைச்சர்கள் குழு கூடி, எந்த மண்டலமும் 5,000 ஹெக்டேருக்கு மேற்படக் கூடாது, தனியார் மண்டலத்துக்காக மாநிலங்கள் நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது, பரப்பில் பாதியாவது உற்பத்திக்கு இருக்க வேண்டும் என்றெல்லாம் வரம்பு கட்டியது. ஆக, பெரிய விதிகள் வாரியத்தின் மேசையில் பிறக்கவில்லை; வயல்வெளியில் பிறந்தன.

நிலம் எடுத்து என்ன ஆயிற்று? 2014-இல் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் நாடாளுமன்றத்துக்குத் தந்த அறிக்கை சொல்கிறது. நாடெங்கும் மண்டலங்களுக்கென அறிவித்த 45,635 ஹெக்டேரில் தொழில் தொடங்கியது 28,488 ஹெக்டேரில் மட்டுமே. 2006-07 முதல் 2012-13 வரையில் விட்டுக்கொடுத்த வரி 83,104 கோடி ரூபாய். தொழில் வந்த இடங்களில் வேலை வந்தது. அதை மறுப்பவன் நான் அல்லன். பர்கூர் வாயிலில் இறங்கும் பெண்களில் பலர் தங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண்கள். ஆனால் பாக்கி நிலம் வேலிக்குள் சும்மா கிடந்தது.

கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே பாருங்கள். மாநில அரசாங்கத்தின் டிட்கோவோடு சேர்ந்து ஜி.எம்.ஆர். குழுமம் ஓசூருக்கும் சூளகிரிக்கும் இடைப்பட்ட பகுதியில் பெரியதொரு தொழில் நகரம் அமைக்க முனைந்தது. அதற்கென ஏற்பட்ட நிறுவனத்தின் பெயரில் முதலில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற சொற்கள் இருந்தன. பின்னர் அந்தச் சொற்களை எடுத்துவிட்டு, சிறப்பு முதலீட்டுப் பகுதி என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். மண்டலத்தின் கவர்ச்சி நாடு முழுவதிலும் குறைந்திருந்த காலம் அது. 2011-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் குறைந்தபட்ச மாற்று வரி மண்டலங்களின் மீதும் விழுந்தது. பின்னர், காலவரம்புக்குப் பிறகு தொடங்கும் தொழிலகங்களுக்கு வருமான வரிச் சலுகையும் நின்றது. சலுகை போனதும் மண்டலம் என்ற பெயரும் சுமையாயிற்று. பலர் வாரியத்திடம் வந்து, பெற்ற தீர்வைச் சலுகையைத் திருப்பிக் கட்டிவிடுகிறோம், எங்கள் நிலத்தை அறிவிக்கையிலிருந்து நீக்குங்கள் என்று விண்ணப்பித்தார்கள். வாரியம் நீக்குகிறது. நிலம் மறுபடி இந்தியாவாகிறது. ஆனால் உழுதவனுடையதாக ஆவதில்லை.

சிறிய மண்டலங்களுக்கு இப்போது வழி திறந்திருக்கிறார்கள். பல தொழில் மண்டலத்துக்கு முதலில் 1,000 ஹெக்டேர் வேண்டியிருந்தது. 2013-இல் அது 500 ஆயிற்று. 2019 முடிவில் 50 ஆயிற்று. குறைகடத்திச் சில்லுகள் செய்வோருக்கு 2025-இல் 10 ஹெக்டேரே போதும் என்று விதியைத் திருத்தினார்கள். ஓசூர் வட்டாரத்தில் மின்னணுத் தொழில் பெருகிவரும் இந்நாளில் இது நம்மை நேரே தொடும் செய்தி.

தொழிலாளரைப் பற்றி இரண்டு வார்த்தை. மத்தியச் சட்டங்களை மண்டலத்துக்குப் பொருந்தாமல் செய்யும் அதிகாரத்தை 49-ஆவது பிரிவு மத்திய அரசாங்கத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் தொழிற்சங்கம், தொழில் தகராறு, தொழிலாளர் நலம், சேமநிதி, மகப்பேற்றுச் சலுகை ஆகியவை பற்றிய சட்டங்களை அப்படித் தொடக் கூடாது என்று அதே பிரிவு தடுத்தும் இருக்கிறது. ஆகையால் மண்டலத்துக்குள் தொழிலாளர் சட்டம் செல்லாது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இருந்தாலும் 2006-ஆம் ஆண்டு விதிகள் பக்கத்துக் கதவு ஒன்றைத் திறந்து வைத்தன. அப்போது நடப்பிலிருந்த தொழில் தகராறுச் சட்டத்தின்படி மாநிலத்துக்குள்ள அதிகாரங்களை வளர்ச்சி ஆணையருக்கே ஒப்படைக்கவும், மண்டலத்தைப் பொதுப்பயன் பணியாக அறிவிக்கவும் மாநிலங்களை அவை கேட்டன. தொழிலை வளர்ப்பதற்கென்று நியமித்த அதிகாரியிடமே தகராறையும் ஒப்படைப்பது, மாப்பிள்ளை வீட்டாரிடமே சீர்வரிசைக் கணக்கைப் பார்க்கச் சொல்வது போல.

அமெரிக்க வாரியத்தைப் பற்றி முன்னே சொன்னேன். அது மண்டலத்துக்கான விண்ணப்பத்தை அரசிதழில் வெளியிட்டு, எவரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம் என்று காலக்கெடு கொடுக்கிறது. போட்டித் தொழில் செய்வோர் எழுதுகிறார்கள், தொழிற்சங்கம் எழுதுகிறது, நகராட்சி எழுதுகிறது. பொதுநலத்துக்கோ உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு என்று வாரியத்துக்குத் தோன்றினால், எந்தப் பொருளையும் எந்தச் செய்முறையையும் எந்நேரமும் மண்டலத்திலிருந்து விலக்கலாம். அமெரிக்காவில் எல்லாம் உத்தமம் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டுச் செய்கிறார்கள் என்பதை மட்டுமே சொல்கிறேன்.

நம் வாரியம் ஒளித்துச் செய்கிறதென்றும் சொல்ல மாட்டேன். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலையும் நடவடிக்கைக் குறிப்பையும் இணையத்தில் வெளியிடுகிறார்கள். ஓய்வு பெற்றபின் அவற்றை வாசிப்பது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. என் வீட்டார் இதைப் பைத்தியம் என்பார்கள். பெரும்பகுதி ஒரே மாதிரியான விஷயங்கள்: ஒப்புதல் கடிதத்தின் காலத்தை நீட்டிக் கொடுங்கள், பரப்பைக் கூட்டுங்கள், குறையுங்கள், இன்னாரைத் துணை அமைப்பாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், மண்டலத்தை நீக்குங்கள். காலநீட்டிப்பே மிகுதி. ஒப்புதல் கடிதத்துக்கு முதலில் மூன்றாண்டு ஆயுள். அதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் வாரியத்திடம் வந்து காரணம் சொல்லிக் காலம் வாங்குகிறார்கள். வளர்ச்சி ஆணையரின் பரிந்துரை இருந்தால், பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

எனக்கு ஒரு யோசனை உண்டு. சட்டத்தையே திருத்த வேண்டாம். வாரியம் தன் நடைமுறையில் சேர்த்துக்கொண்டாலே போதும். எந்த மண்டலத்துக்கு ஒப்புதலோ காலநீட்டிப்போ நீக்கமோ நிகழ்ச்சி நிரலில் வருகிறதோ, அந்த விண்ணப்பத்தின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் எழுதி, முப்பது நாள் முன்னதாக அந்த ஊராட்சி அலுவலகத்தின் பலகையில் ஒட்ட வேண்டும். ஊரார் எழுதித் தருவதை மாநிலப் பிரதிநிதி கூட்டத்தில் வாசிக்க வேண்டும். எங்கள் பகுதியில் அதைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒட்ட வேண்டியிருக்கும், இருக்கட்டும். வாரியத்தின் ஒப்புதலை எதிர்த்து மேல்முறையீட்டுக்குச் சட்டத்தில் வழியில்லை. உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுவது ஒன்றே மிச்சம். இரண்டு ஏக்கர் வைத்திருந்தவர் சென்னைக்குப் போய் வழக்காடுவதைவிட, கூட்டத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது இருதரப்புக்கும் செலவு குறைவு. விண்ணப்பதாரருக்குக்கூட இது நன்மையே. பின்னால் வரும் வழக்கு அவருடைய காலத்தைத்தானே விழுங்குகிறது?

சென்ற மாதம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். பெருஞ்சாலையிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் உள்ளே, மாந்தோப்புகளைத் தாண்டிப் போக வேண்டும். தொழிலுக்கென்று எடுத்து ஆண்டுகள் பல ஆகியும் தொழில் வராத நிலம் அங்கே வேலிக்குள் கிடக்கிறது. வேலி ஓரிடத்தில் அறுந்திருந்தது. ஒரு பெரியவர் அதன் வழியே ஆடுகளை உள்ளே விட்டு மேய்த்துக்கொண்டிருந்தார். யாருடைய நிலம் என்று கேட்டேன். "முன்னே எங்களது. இப்போது யாரது என்று ஆடுகளுக்குத் தெரியவில்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

அங்கிருந்து ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். செயலர் இளைஞர், மரியாதையாக நாற்காலி போட்டார். தில்லியிலிருந்து ஒப்புதல் வாரியத்தின் கடிதம் எதுவும் இந்த அலுவலகத்துக்கு எப்போதாவது வந்ததுண்டா என்று விசாரித்தேன். "அப்படி ஒரு வாரியம் இருப்பதே இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது, ஐயா" என்றார். பெயரையும், அது எந்த அமைச்சகத்தைச் சேர்ந்தது என்பதையும், நடவடிக்கைக் குறிப்புகளை எங்கே பார்க்கலாம் என்பதையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இருமுறை வாசித்துவிட்டு, அக்டோபர் 2-ஆம் தேதி கூடும் கிராம சபையில் படிப்பதாகச் சொல்லி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.